சோடியம் குறைந்தது

தேர்வில் எனக்கு ஏழுக்கு ஆறரை.
முப்பது கிராம் ஒரு பங்கு, பொட்டலத்தில் நான்கு பங்கு,
பெருக்க மறந்தவர்கள்தான் தோற்றார்கள்.
நயரெத் தோற்றாள்.
ஒரு பொட்டலத்தை நாலு பேர் பங்கிட்டுத் தின்னும் வீட்டை
எனக்குக் காட்டுங்கள் என்று
விடைத்தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள்.

புன்ட்டா அரேனஸில் ஜூன் மாதம்
பத்து மணிக்குத்தான் விடியும், ஐந்தரைக்கு இருட்டிவிடும்.
இரவுப் பயிற்சியில் இருப்பவளுக்குச்
சூரியன் கேள்விப்பட்ட விஷயம்.
மூன்று மணிக்கு, வார்டின் கோடியில்,
காசு போட்டால் தின்பண்டம் தள்ளும் இயந்திரத்தின் முன்
கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்போம்.
கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு எண்கோணங்கள்:
சர்க்கரை மிகுதி. சோடியம் மிகுதி.
கொழுப்பு மிகுதி. கலோரி மிகுதி.
நான்கும் ஒட்டிய பிஸ்கட்டை நயரெத்
பதக்கம் வாங்கியவன் என்பாள்.
அதைத்தான் எடுப்பாள்.

பல்கலைக்கழகத்திலிருந்து கேள்வித்தாள் வந்தது அந்த வாரம்தான்.
சுகாதாரத் துறை மாணவர்களாகிய நீங்கள்
வாங்குமுன் லேபிளைப் படிப்பதுண்டா?
எப்போதும். பெரும்பாலும். சில நேரம். ஒருபோதும் இல்லை.
இடக்கையில் கோப்பை நூடுல்ஸ், வலக்கையில் பேனா.
'எப்போதும்' கட்டத்தில் குறியிட்டேன்.
பொய் இல்லை.
படித்துவிட்டுத்தான் தின்றேன்.

மூன்றாம் கட்டிலில் எலெயுதேரியோ மன்சீயா.
நண்டு டப்பா ஆலையில் முப்பத்தொரு வருஷம் லேபிள் ஒட்டியவர்.
என்ன எழுதியிருக்கும் என்று கேட்டேன்.
நேராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன் என்றார்.
சிறுநீரகம் பாதிக்கு மேல் போயிருந்தது.
கணுக்காலில் என் கட்டைவிரல் பதித்த குழி
வெகுநேரம் மூடவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் நான்தான் பேசினேன்,
ஆறரை வாங்கிய வாயால்.
முன்பக்கத்துப் படத்தை நம்பாதீர்கள்,
பின்னால் திருப்புங்கள்,
சோடியம் என்ற வரியில் விரல் வையுங்கள்,
எண் சின்னதாக இருப்பதை எடுங்கள்.
அவர் திருப்பினார்.
விரல் வைத்தார்.
சின்ன எண்ணை எடுத்தார்.

பதினேழாம் நாள் சக்கர நாற்காலியில் வந்தார்.
நாடி விட்டுவிட்டு அடித்தது.
திரையில் அலைகள் கூடாரம் கூடாரமாய்க் கூர்த்து நின்றன.
பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்று.
மகள் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்:
உப்பு. பச்சை எழுத்து. சோடியம் பாதிதான்.
மற்றப் பாதி என்னவென்று
சத்துப் பட்டியலில் இல்லை.
சேர்மானங்களின் வாலில், ஒட்டிய மடிப்புக்குள்,
எறும்பு ஊர்ந்த அளவில் இருந்தது:
பொட்டாசியம் குளோரைடு.
நீங்கள் சொன்னபடியே வாங்கினோம் என்றாள் மகள்.
குற்றமாகச் சொல்லவில்லை.
உப்பிட்டவளுக்கு நன்றி சொல்வதுபோலச் சொன்னாள்.

பிழைத்துக்கொண்டார்.
கால்சியம் ஏற்றினார்கள், இன்சுலின் ஏற்றினார்கள்,
நாலு மணி நேரம் இயந்திரம் அவர் ரத்தத்தைக் கழுவியது.
கண் விழித்ததும் அந்தப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
கோணலாக ஒட்டியிருக்கிறார்கள் என்றார்.

பழைய கோப்பைத் தேடிப் புரட்டினேன்.
என் கையெழுத்தில் இரண்டு வரி:
உணவு ஆலோசனை தரப்பட்டது.
நோயாளி புரிந்துகொண்டார்.

நயரெத்திடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.
எனக்கும் தெரிந்திருக்காது என்றாள்.
அன்று பதக்கக்காரனை அவள் வாங்கவில்லை;
மறுநாள் வாங்கினாள்.

இப்போது கடையில்
உப்பு அடுக்கின் முன் குந்தி உட்கார்ந்து
மடிப்புகளை நகத்தால் நிமிண்டிப் பிரிக்கிறேன்.
காவலாளி இரண்டு முறை கடந்து போய்விட்டான்.
மூன்றாம் முறை நின்று,
பையைத் திறந்து காட்டச் சொல்கிறான்.